முள் எடுக்கப்படவில்லை என்றால் சந்தோஷம் எங்கிருந்து வரும்? (2 கொரிந்தியர் 12)

#1 மண்பாண்டம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பல மாதமாக மனதுக்குள் கிடந்து அரிப்பதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17 வருடம் சபையில் வேதபாட வகுப்பு எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஊழியம் பேச்சுதான். 3 வருடத்துக்கு முன் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் வந்தது. நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் ஓரளவு நன்றாக இருப்பேன். உபயோகிக்க உபயோகிக்கத் தசை சோர்ந்துகொண்டே வரும். இமை தொங்கிவிடும், எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார், பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால் நாக்கு தடித்துச் சொல் குழறும். ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் மீளும். மருந்தில் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

கடைசியாக நான் எடுத்த வகுப்பு 2 கொரிந்தியர் 12. தன்னை வாட்டிய ஒரு 'முள்ளை' எடுத்துவிடும்படி பவுல் வேண்டியும், அது எடுக்கப்படாமல் ஆண்டவரிடமிருந்து ஒரு பதில் மட்டும் வருகிற இடம். "என் கிருபை உனக்குப்போதும்" என்று வாசிக்கும்போது 'கிருபை' என்ற சொல் வாயில் வரவில்லை. மூன்று தடவை முயன்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி எனக்காகக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வேதாகமத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் 8 மாதமாக அந்த அறைக்குள் நான் போகவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் "விசுவாசம் போதவில்லை, இன்னும் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்" என்றார்கள். மீதிப் பேர் "எல்லாம் நன்மைக்கே, சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள். இரண்டும் அன்பாகத்தான் சொல்லப்பட்டது. ஆனால் இரண்டுக்குப் பிறகும் நான் பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று.

பவுல் தன் பலவீனங்களைக் குறித்து "மிகவும் சந்தோஷமாய்" மேன்மைபாராட்டுவேன் என்கிறார். அந்த "மிகவும்" என்ற சொல்லிடம்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். தாங்கிக்கொள்வது எனக்குப் புரிகிறது. சந்தோஷம் புரியவில்லை. அது உண்மையிலேயே வருகிற ஒன்றா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற வார்த்தையா? அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாலைஜெபம்

அண்ணா, வாசித்து முடித்ததும் முழங்காலில் நின்று உங்களுக்காக ஜெபித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பதில் எனக்குத் தெரியாது. ஆனால் "பேச்சுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஊழியம்" என்ற வரி மனதைப் பிசைந்துவிட்டது.

சார்லட் எலியட் (1789–1871) என்ற அம்மையாரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நீண்டகால நோயாளி. வீட்டார் எல்லோரும் ஒரு நல்ல காரியத்துக்காக நிதி திரட்ட ஓடிக்கொண்டிருந்த வேளையில், தன்னால் ஒன்றுக்கும் உதவ முடியவில்லையே என்று நொந்துபோய்க் கிடந்தவர், இருக்கிறபடியே ஆண்டவரிடம் வருவதைப் பற்றி ஒரு பாடல் எழுதினார் என்பார்கள். இன்றுவரை எத்தனையோ மொழிகளில் அதைப் பாடுகிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் அவருக்கு அது தெரிந்திருக்காது.

#3 ஒலிவமரம்

சகோதரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அந்த முதல் பாதியைச் சேர்ந்தவன். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்றுதான் ஏசாயா எழுதியிருக்கிறார். சுவிசேஷங்களில் இயேசுவிடம் வந்த குருடரும் குஷ்டரோகியும் முடவரும் "உன் நோயில் சந்தோஷப்படு" என்ற பதிலோடு திரும்பிப் போகவில்லை, சுகமாகித்தான் போனார்கள். பவுலின் முள்ளை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால் சபை கேட்பதையே நிறுத்திவிடும். கேட்பதை நிறுத்தாதீர்கள். இதை உங்கள் மேல் உள்ள பாரத்தால் சொல்கிறேன்.

#4 வேர்தேடி

நான் கிரேக்கம் கொஞ்சம் படித்தவன். பாட்டுக்கும் சாட்சிக்கும் நான் லாயக்கில்லை, வசனத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் உதவ முடியும்.

முதலில், பவுல் இதை எந்தச் சூழலில் எழுதினார் என்று பாருங்கள். ஏறக்குறைய கி.பி. 55–56. கொரிந்து சபைக்குள் சில பேச்சாளர்கள் வந்து, பவுலை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். கடிதம் எழுதினால் கனமாக இருக்கிறது, நேரில் வந்தால் ஆள் பலவீனம், பேச்சு அற்பம் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள் (10:10). மண்பாண்டம் அண்ணா, இதைக் கவனியுங்கள். குற்றச்சாட்டே அவருடைய பேச்சைப் பற்றித்தான்.

அதற்குப் பதிலாக பவுல் தன் பெருமைப் பட்டியலைப் போடுகிறார். ஐந்து தரம் ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று தரம் மிலாறு (பிரம்படி), ஒரு தரம் கல்லெறி, மூன்று தரம் கப்பற்சேதம், ஒரு இராப்பகல் முழுக்கக் கடலில். இதையெல்லாம் சொல்லிவிட்டு, 14 வருடத்துக்கு முன் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைத் தொடுகிறார், அதையும் யாரோ ஒரு மனுஷனுக்கு நடந்ததுபோல. உடனே அதை விட்டுவிட்டு முள்ளுக்கு வந்துவிடுகிறார்.

'முள்' என்று நாம் வாசிக்கிற இடத்தில் உள்ள சொல் ஸ்கோலொப்ஸ். சிறு முள்ளுக்கும் பொருந்தும், கூராகச் சீவி நட்ட கழுவுக்கும் பொருந்தும். அது என்ன நோய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கலாத்தியர் 4ஐ வைத்துக் கண் நோய் என்பார்கள், எதிரிகள் என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். பவுல் பெயர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அந்த ஒரு நோய்க்காரர்கள் மட்டும் இந்த வசனத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஒலிவமரம் ஐயாவுக்கு. பவுல் கேட்காமல் இருக்கவில்லை. மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுத்துவிடும்படிதான் கேட்டார். அந்த முள்ளை 'சாத்தானுடைய தூதன்' என்கிறார், அதை நல்லது என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அதே சமயம், பவுலோடு கூடவே இருந்தவர்களும் நோயாளிகளாக இருந்தார்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார். எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை போகிறான், பிழைக்கிறான், அந்த இடத்தில் பவுல் "துக்கத்தின்மேல் துக்கம்" வராமல் தேவன் எனக்கு இரங்கினார் என்கிறார். இவர்களில் யாரிடமும் பவுல் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லவில்லை.

அடுத்து நான் மிகவும் நேசிக்கிற இடம். "கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி" என்பதில் 'தங்கும்படி' என்ற சொல்லுக்குள் 'கூடாரம்' இருக்கிறது. மேலே கூடாரம் போட்டு மூடுவது என்ற அர்த்தம். "அந்த வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று யோவான் எழுதுகிற இடத்திலும் இதே வேர்ச்சொல்தான். பவுலின் கைத்தொழில் கூடாரம் பண்ணுவது (அப்போஸ்தலர் 18:3). நாள் முழுக்கத் துணியும் தோலும் தைத்து வெயிலுக்கும் மழைக்கும் பிறருக்கு மறைப்பு செய்து கொடுத்த மனிதர் அவர். தன் முள்ளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்தான் அவருக்கு வருகிறது. முள் உள்ளேயே இருக்கிறது, அவருக்கு மேலே கூடாரம் விரிகிறது.

அப்புறம், "என் கிருபை உனக்குப்போதும் என்றார்" என்பதில் வருகிற அந்த 'என்றார்'. கிரேக்கத்தில் அது வெறும் இறந்தகாலம் இல்லை. ஒரு தரம் சொல்லப்பட்டு, இன்னும் நிற்கிற சொல் என்று தொனிக்கும். 'போதும்' என்பதோ நிகழ்காலம். "போதுமானதாக ஆகும்" என்று நாளைக்கு ஒத்திப்போடுகிற சொல் அல்ல, இப்போதே போதும் என்கிறது.

சந்தோஷத்தைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும். அது என் கைக்கு அகப்படவில்லை. வேறு யாராவது சொல்ல வேண்டும்.

#5 இரண்டாம்மைல்

நான் சொல்கிறேன். நோய் எனக்கு இல்லை, என் கணவருக்கு. பக்கவாதம் வந்து 5 வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க அசைவில்லை, பேச்சு இல்லை.

முதல் இரண்டு வருடம் எனக்கு யாரும் தேவைப்படவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். அலாரம் வைத்து எழுந்து எழுந்து செய்வேன். சபைச் சகோதரிகள் "நாங்கள் முறை வைத்து வருகிறோம்" என்றபோது, கர்த்தர் எனக்குப் பெலன் தருகிறார் என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டேன். எல்லோரும் என்னைச் சாட்சியாகச் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒருநாள் இரவு அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் இடுப்பில் சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கூப்பிட வார்த்தை இல்லை. நான் தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, கத்தல்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சகோதரிக்கு போன் போட்டு "எனக்கு முடியவில்லை, வாருங்கள்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த இரண்டு சொல்லை யாரிடமோ சொன்னேன்.

அவர் வந்தார். "நீ போய்ப் படு" என்றார். ஆறு மணி நேரம் தூங்கினேன். நடுவில் ஒருமுறை விழிப்பு வந்தது. பக்கத்து அறையில் அவர் என் கணவரைப் புரட்டிவிட்டு, மெதுவாக ஒரு கீர்த்தனை பாடுகிற சத்தம். இருட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான், அண்ணா. நிம்மதியும் இருந்தது, ஆனால் அதற்கு மேல் ஒன்று. நான் பிடித்துக்கொண்டிருக்காவிட்டாலும் வீடு விழவில்லை என்ற சந்தோஷம். என் கணவர் இன்னும் பேசவில்லை. எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த இரவுக்கு முந்தைய ஆள் நான் இல்லை.

உங்கள் கேள்விக்கு இது பதிலா என்று தெரியாது. என் சந்தோஷத்தை மறித்துக்கொண்டிருந்தது அவருடைய பலவீனம் இல்லை. என் பெலன்தான் மறித்துக்கொண்டிருந்தது.

#6 மாலைஜெபம்

அக்கா, கண்ணீரோடு வாசித்தேன்.

#7 நாணல்

எல்லோரும் சந்தோஷத்தின் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மனச்சோர்வு நோய். மாத்திரை எடுக்கிறேன், ஆலோசகரிடமும் போகிறேன். என் பலவீனம் என்னவென்றால், சந்தோஷம் என்ற உணர்வே எழும்பாத நாட்கள் இருக்கின்றன. நல்ல செய்தி வந்தாலும் எழும்பாது. அந்த நாட்களில் "பலவீனத்தில் சந்தோஷப்படு" என்ற வசனம் இன்னொரு பரீட்சைபோல இருக்கிறது. பலவீனன் என்பது ஒரு தோல்வி, பலவீனத்தில் சந்தோஷப்படவும் முடியவில்லை என்பது இரண்டாவது தோல்வி.

எனக்குத் துணையாக இருப்பது 88ஆம் சங்கீதம். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குகிறது. அவ்வளவுதான் வெளிச்சம். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு துதி வரும், இதில் வராது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். அப்படி ஒரு ஜெபத்தையும் யாரோ சேர்த்து வைத்து, ஆலயத்தில் பாடக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வில்லியம் கூப்பர் (1731–1800) என்ற கவிஞரும் அப்படித்தான். போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து 1779இல் பாமாலைத் தொகுப்பு வெளியிட்டவர். 1773இல் வந்த கடும் மனமுறிவுக்குப் பிறகு, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. அவருடைய பாடல்களால் எத்தனையோ பேர் தேறினார்கள், அவர் கடைசிவரை தேறவில்லை. அந்த வருடம் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரின் கதையை வெற்றிச் சாட்சியாக முடிக்க முடியாது. ஆனால் அவருடைய விசுவாசம் பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது.

எனவே ஒரு வேண்டுகோள்: சந்தோஷம் வராதவர்களுக்கும் இந்த இழையில் இடம் வையுங்கள்.

#8 வேர்தேடி

நாணல், உங்களுக்காக ஒரு வசனம் மட்டும். "நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்" (ரோமர் 8:26). உணர்வு எழும்பாத நாளிலும் உங்களுக்குள் ஒருவர் பெருமூச்சு விடுகிறார். அதை நீங்கள் உணர வேண்டும் என்றுகூட அந்த வசனம் கேட்கவில்லை.

பவுலும் எப்போதும் உற்சாகத்தில் இருந்தவர் இல்லை. இதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதியிருக்கிறார்.

#9 கதவோரம்

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வசனத்தை என்மேல் கட்டினார்கள். வீட்டில் எனக்கு அடி விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஆலோசனை கேட்டுப் போன இடத்தில், "இதுதான் உன் முள், கிருபை போதும், பொறுத்துக்கொள், பலவீனத்தில்தான் பெலன்" என்று சொல்லி அனுப்பினார்கள். 4 வருடம் பொறுத்தேன். இப்போது நானும் பிள்ளைகளும் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறோம். ஆனால் 2 கொரிந்தியர் 12 இன்றுவரை என்னால் வாசிக்க முடிவதில்லை. நீங்கள் எல்லோரும் இதை அழகாகப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தால் கை நடுங்குகிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

#10 நெறியாளர்

சகோதரி, எழுதியதற்கு நன்றி. தனிமடல் அனுப்பியிருக்கிறோம், விருப்பம் இருந்தால் மட்டும் பதில் தாருங்கள். மற்றவர்கள் தயவுசெய்து அவருக்குப் புத்திமதி சொல்லாமல் எழுதுங்கள். இதே நிலையில் இதை வாசிக்கிறவர் யாராவது இருந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். வசன ஆராய்ச்சியை அப்புறம் சேர்ந்து செய்வோம்.

#11 வேர்தேடி

கதவோரம் அக்கா, உங்களுக்கு அதைச் சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள். மரியாதைக்காக இதை நான் மெதுவாகச் சொல்லப்போவதில்லை. வசனமே அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

11ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனம். தன் பலவீனங்களைக் குறித்தே மேன்மைபாராட்டுவேன் என்று சொன்ன கையோடு பவுல் சொல்கிற சம்பவம் எது தெரியுமா? தமஸ்குவில் அரேத்தா ராஜாவின் சேனைத்தலைவன் அவரைப் பிடிக்கக் காவல் வைத்தபோது, கூடையில் வைக்கப்பட்டு, ஜன்னல் வழியாக மதிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, அவன் கைக்குத் தப்பினேன் என்கிறார். தப்பிப்போனதைத்தான் பவுல் தன் பலவீனப் பட்டியலின் உச்சியில் வைக்கிறார்.

ரோமப் படையில் எதிரியின் மதில்மேல் முதலில் ஏறுகிற வீரனுக்கு மதில் வடிவத்தில் பொற்கிரீடம் கொடுப்பார்கள். இது அந்தக் காலத்துக் கொரிந்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மதில் ஏறினேன் என்று பெருமை பேசுகிற உலகத்தில், மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டேன் என்கிறார் பவுல். அவரைக் கயிறு பிடித்து இறக்கியவர்கள் யாரென்று பெயர்கூட இல்லை.

பிலிப்பியில் நியாயமில்லாமல் அடித்தபோது, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். அடிக்கிற கை முன்னால் நின்றுகொண்டே இருப்பதைப் பவுல் பலவீனம் என்று சொல்லவே இல்லை. நீங்கள் பிள்ளைகளோடு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தீர்களே, அதுதான் உங்கள் கூடை. 12ஆம் அதிகாரத்தை இப்போது திறக்க வேண்டாம். 11இன் கடைசி இரண்டு வசனத்தில் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருங்கள்.

#12 கதவோரம்

அந்த இரண்டு வசனத்தை வாசித்தேன். என்னையும் கயிறு பிடித்து இறக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் என் தங்கையும். நன்றி. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

#13 ஒலிவமரம்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தம்பிக்குப் புற்றுநோய் வந்தபோது 11 மாதம் அவனுக்காக உபவாசம் இருந்தேன். சுகமாவான் என்று அவனிடம் உறுதியாகச் சொன்னேன். கடைசி வாரத்தில் அவன் "அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றான். "பயம் விசுவாசத்துக்கு எதிரி, அப்படிப் பேசாதே" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறு நாளில் போய்விட்டான்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடமாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் மண்பாண்டம் அண்ணன் "பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று" என்று எழுதியதை வாசித்தபோது என் தம்பியின் முகம்தான் வந்தது. அவன் பயத்தோடு என் கையைப் பிடிக்க வந்தான், நான் கையை இழுத்துக்கொண்டேன். இயேசுவே கெத்செமனேயில் வியாகுலப்பட்டு, சீஷர்களிடம் "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். என் தம்பியும் கேட்டது அவ்வளவுதான்.

சகோதரரே, உங்களுக்கு நான் எழுதிய முதல் பதிலில் உங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வகுப்பை விட்டு வந்த நாளில் உங்களுக்கு எப்படி இருந்தது?

#14 மண்பாண்டம்

ஐயா, இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

பயமாக இருந்தது. நோயைக் குறித்தல்ல. பேசாத என்னை ஆண்டவருக்கு எதற்கு என்ற பயம். 17 வருடமாக அவருக்கு நான் உபயோகமாக இருந்ததால்தான் அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று உள்ளுக்குள் எங்கேயோ நம்பியிருக்கிறேன். வாயால் கிருபையைப் போதித்துக்கொண்டே, உள்ளே சம்பளக்கணக்கு வைத்திருந்திருக்கிறேன். அந்த அறையில் 'கிருபை' என்ற சொல் வராமல் போனபோது அந்தக் கணக்கும் சேர்ந்து சரிந்தது. நான் அழுதது குரலுக்காக என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது.

உங்கள் தம்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி ஐயா. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

#15 இரண்டாம்மைல்

அண்ணா, "எனக்கு முடியவில்லை, வாருங்கள்" என்ற சொற்களை அந்த வகுப்பில் சொல்லிப் பார்த்தீர்களா? கட்டாயப்படுத்தவில்லை. எனக்குத் திறந்த கதவு அது என்பதால் கேட்கிறேன்.

#16 நாணல்

நானும் கேட்கலாம் என்றிருந்தேன். இங்கே எழுதியது எனக்கும் உதவியிருக்கிறது. உணர்வில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மூன்று பேர் தனிமடலில் "எனக்கும் அப்படித்தான்" என்று எழுதினார்கள். 88ஆம் சங்கீதத்தை வாரத்தில் ஒருநாள் இரவு போனில் சேர்ந்து வாசிக்கிறோம். வாசித்து முடித்து யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்துவிடுவோம். அந்த அழைப்புக்காக நான் காத்திருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

#17 மண்பாண்டம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போனேன். காலை நேரத்துக்கு மாற்றித் தரக் கேட்டேன், உடனே மாற்றிவிட்டார்கள். 8 மாதமாக அதைக்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன். உட்கார்ந்ததும் முதலில் சொன்னேன்: "எனக்கு இப்படி ஒரு நோய். பத்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. நடுவில் சொல் நின்றுவிடும். அப்போது நீங்கள்தான் பேச வேண்டும்." சொல்லும்போது குரல் நடுங்கியது, நோயால் இல்லை.

எட்டாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை, எனக்கு ஒரு யுகம்போல இருந்தது. அப்புறம், அன்றைக்குத் தலையைக் குனிந்த அதே தம்பி வாசிக்க ஆரம்பித்தான். அவனுக்குத் திக்குவாய் என்று எனக்குத் தெரியாது! 3 வருடம் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசியதில்லை, அமைதியான பையன் என்று நினைத்திருந்தேன். "எ-எ-என் கிருபை" என்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி, முழு வசனத்தையும் வாசித்தான். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், எனக்கும் அது ஒன்றுதான் செய்ய முடிந்தது.

வகுப்பு முடிந்ததும் வந்து சொன்னான்: "நீங்க நல்லா பேசின காலத்துல இந்த இடத்துல நான் வாயைத் திறக்க முடியாதுண்ணா." வருத்தப்படுத்தச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், இமை பாதி மூடிக்கொண்டு எல்லாம் இரண்டாகத் தெரிய. மனைவி கதவைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்குக் குரல் இல்லை, சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை அவளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் நியாயாதிபதிகள் 7, கிதியோன். 32,000 பேர் 300 பேர் ஆகிற இடம். அதை அந்தத் தம்பியே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். வேர்தேடி தம்பி, உங்களிடம் குறிப்புகள் இருந்தால் அவனுக்கு அனுப்ப முடியுமா? இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, ஒலிவமரம் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரல் சோர்ந்துவிட்டது. நாளைக் காலையில் எழுதுகிறேன்.